நிற்கப் பழகினேன்

நாற்பத்தெட்டு வயதைக் கடந்த ஒருவன், "சென்ற ஆண்டிலே நான் நிற்கப் பழகினேன்" என்று சொன்னால், கேட்பவர்கள் நகைக்கவே செய்வர். நிற்பதற்குப் பிள்ளைகள் ஒரு வயதளவிலேயே பழகிவிடுகின்றனர். அதற்கு ஆசிரியரும் வேண்டியதில்லை, கட்டணமும் வேண்டியதில்லை. சுவரையும் கதிரையையும் பற்றிக்கொண்டு தாமாகவே எழுந்து நின்றுவிடுகின்றனர். நானும் அவ்வாறு எழுந்து நின்றவன்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றே பௌதிகவியல் கற்பித்து வருகின்றேன். ஆயினும், நிற்பதும் ஒரு கல்வி என்பதை எனக்கு உணர்த்தியவன் என்னுடைய பதினொரு வயது மகன்.

சென்ற ஆண்டு தை மாதத்திலே எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் கராத்தே வகுப்பொன்று ஆரம்பமாயிற்று. காற்றிலே பறந்து உதைப்பதையும், அடுக்கி வைத்த ஓடுகளை ஒரே அடியில் நொறுக்குவதையும் படங்களிலே பார்த்து மயங்கியிருந்த என் மகன், தன்னையும் அதிலே சேர்த்துவிடும்படி கேட்டான். சேர்த்துவிட்டேன். வெள்ளைச் சீருடை வாங்கி வந்த அன்றிரவு அவன் நித்திரை கொள்ளவேயில்லை. ஆனால், ஆறு வாரங்கள் கழிந்ததும் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, நான் இனிக் கராத்தேக்குப் போகேல்லை."

"ஏன் தம்பி?"

"அங்கை ஒண்டும் பழக்கிறதில்லை. சும்மா நிக்கத்தான் விடுகினம்."

எனக்குச் சினம் வந்தது. அந்நாட்களில் எனக்கு எளிதிலே சினம் வருவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. முந்திய மார்கழியிலே என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. நாளுக்கு இருமுறையேனும் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்த வேண்டும் என்று வைத்தியசாலையிலே சொல்லி, தூக்கும் முறையையும் காட்டித்தான் அனுப்பினார்கள். நெம்புகோல் தத்துவத்தை ஆண்டுதோறும் மாணவருக்கு விளக்குகின்ற எனக்கு இதையுமா சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணத்தில், நான் பாதி கேட்டும் பாதி கேளாமலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மாவின் கைகளுக்கடியிலே என் கைகளைக் கொடுத்து, இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்கினேன். பாதி தூக்கிய நிலையிலே முதுகில் மின்னல் பாய்ந்தாற்போல ஒரு வலி. தள்ளாடிப்போய் இருவரும் கட்டிலின்மேலே சாய்ந்தோம். அம்மாவுக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் அச்சம் பிடித்துக்கொண்டது. அதன் பின்னர் நான் கட்டிலருகே போனாலே, "வேண்டாம் ராசா, நான் இப்பிடியே கிடக்கிறன்" என்று சொல்லிவிடுவார். கிடந்தவாறே கிடந்தால் புண் வரும், கால்கள் வலுவிழக்கும், பின்னர் எழுந்து நடக்க முடியாமலே போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என்றாலும், தன் மகனுடைய கைகளை அவரால் நம்ப முடியவில்லை. இதைவிட ஒரு மகனுக்குத் தாழ்வு வேறென்ன இருக்கிறது?

இந்த மனநிலையோடுதான் அடுத்த ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனேன். கராத்தே கற்பிக்கும் இளைஞர் என் பழைய மாணவர். வகுப்பிலே பின்வாங்கில் இருந்தவர். எழுந்து மரியாதையாக வரவேற்றார். ஆறு வாரமாகப் பிள்ளைகளைச் சும்மா நிற்க விட்டுக் கட்டணம் வாங்குவது முறையா என்று நான் கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடவில்லை, சிரித்தார்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. ஒரு நிமிசம் நீங்களும் நிண்டு பாருங்கோவன்."

இருபது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரையிலே நின்றேன். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். கால்களைத் தோள் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அகட்ட வேண்டும். பாதங்களின் வெளியோரங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். விரல்கள் வெளியே திரும்பலாகாது. முழங்கால்களை மடித்து வெளிப்புறமாகத் தள்ளியவாறு, குதிரைமேல் இருப்பவனைப் போல உடலைத் தாழ்த்த வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும். இடுப்பு பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாது. உடற்பாரம் இரு கால்களிலும் சமமாக இறங்க வேண்டும். பார்வை நேரே முன்னால். இதற்கு யப்பானிய மொழியிலே 'கிபா தாச்சி' என்று பெயர். குதிரை ஏறியவனின் நிலை என்பது பொருள். நாம் குதிரை நிலை என்றே சொல்லிவிடலாம்.

முதல் பத்து விநாடிகள் எனக்குச் சிரிப்பாகவே இருந்தன. இருபதாவது விநாடியில் தொடைகளிலே மெல்லிய சூடு பரவியது. முப்பதாவது விநாடியில் அச்சூடு நெருப்பாயிற்று. முழங்கால்கள் தாமாகவே உள்ளே சரியத் தொடங்கின. அவற்றை வெளியே தள்ளினால் முதுகு முன்னே வளைந்தது. முதுகை நிமிர்த்தினால் குதிகள் கிளம்பின. சுவர் மணிக்கூட்டின் விநாடி முள் நகர மறுத்தது. நாற்பது விநாடியாகுமுன் என் கால்கள் தையல் இயந்திரத்தின் ஊசிபோல நடுங்க, பக்கத்திலிருந்த வாங்கிலே தொப்பென்று அமர்ந்துவிட்டேன்.

பிள்ளைகளில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். என் மகன் சிரிக்கவில்லை. அருகே வந்து என் முழங்காலிலே கையை வைத்து, "கால் நடுங்குதோ அப்பா? எனக்கும் முதல் அப்பிடித்தான் நடுங்கினது. இப்ப ரண்டு நிமிசம் நிப்பன்" என்றான். ஒன்றும் பழக்கவில்லை என்று முறையிட்டவன், தான் எதையோ பழகியிருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டான். வகுப்பை விடும் பேச்சு அன்றோடு நின்றது. அன்று மாலை தொடக்கம் எங்கள் வீட்டு விறாந்தையிலே தந்தையும் மகனுமாக இருவர் நிற்கத் தொடங்கினோம்.

பௌதிகவியல் படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஒரு விசை ஒரு பொருளைத் தன் திசையிலே அசைத்தாலன்றி, அங்கே வேலை செய்யப்பட்டதாக நாம் கொள்வதில்லை. விசையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கி வருவதுதானே வேலை? குதிரை நிலையில் நிற்பவன் ஓர் அங்குலமும் அசைவதில்லை. ஆகவே, வியர்வை சொட்டச் சொட்ட நான் செய்த வேலை பூச்சியம்! அப்படியானால் களைப்பு எங்கிருந்து வந்தது? வெளியே அசைவில்லையே தவிர, தசைநாருக்கு உள்ளே ஓய்வேயில்லை. அங்குள்ள நுண்ணிய இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதும் மீண்டும் பற்றுவதுமாக இடையறாது உழைக்கின்றன. ஒவ்வொரு பிடிக்கும் சக்தி செலவாகி வெப்பமாக வெளியேறுகின்றது. நிமிர்ந்து நிற்கும்போது உடற்பாரத்தின் பெரும்பகுதியை எலும்புகளே தாங்கிக்கொள்கின்றன. முழங்காலை மடித்தவுடன் பாரம் முழங்காலைச் சுற்றித் திருப்ப முயல்கின்றது; அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்புத் தொடைத் தசைகளின் தலையிலே விழுகின்றது. எவ்வளவு தாழ்கின்றோமோ அவ்வளவுக்கு அப்பொறுப்பும் வளர்கின்றது.

தாழ்வதால் வரும் நன்மையையும் என் பழைய மாணவரே காட்டினார். நிமிர்ந்து நின்ற என் மகனைத் தோளிலே பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார்; அவன் தடுமாறினான். பின்னர் குதிரை நிலையில் நிற்க விட்டுத் தள்ளினார், அசையவில்லை. போத்தலை அடிப்பக்கம் கீழாக வைத்தால் நிற்கின்றது, கழுத்துக் கீழாக வைத்தால் விழுகின்றது. அதே கதைதான். கால்களை அகட்டினால் உடலைத் தாங்கும் அடித்தளம் அகலுகின்றது. முழங்காலை மடித்தால் புவியீர்ப்பு மையம் தாழ்கின்றது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அசையாமல் நின்றுவிட்டோம் என்று என் மகன் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் வந்து இரண்டு விரல்களால் அவன் மார்பிலே மெல்லத் தள்ளினார். பையன் ஓரடி பின்னால் போய்விட்டான்! இந்த நிலையின் அடித்தளம் பக்கவாட்டிலேதான் நீளம். முன்பின்னாக ஒரு பாதத்தின் நீளம்தான். பக்கத்திலிருந்து வருவதை எதிர்க்க வல்லதே யன்றி எல்லாத் திசைக்கும் வல்லதன்று. அதனாலேயே ஒரு காலை முன்னே வைத்து நிற்கும் வேறு நிலைகளும் கற்பிக்கப்படுகின்றன.

எங்கள் விறாந்தைப் பயிற்சியைக் குசினி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு நாள், "இது என்ன, அரைமண்டியோ?" என்று கேட்டாள். சிறுவயதிலே பரதம் பயின்றவள் அவள். அரைமண்டியிலே குதிகள் அண்மித்திருக்க, பாதங்கள் பக்கவாட்டிலே திரும்பியிருக்கும். குதிரை நிலையிலே பாதங்கள் விலகி, நேரே பார்த்திருக்கும். ஆனால் முழங்கால் வெளியே போக வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்னும் விதிகள் இரண்டுக்கும் ஒன்றே. "முழங்கால் உள்ளை வந்தால் எங்கடை ரீச்சர் தட்டுக்கழியாலை தட்டுவா" என்று சொல்லிக்கொண்டே, அகப்பைக் காம்பினால் என் முழங்காலில் ஒன்று வைத்தாள். யப்பானியர் மட்டுமன்றிச் சீனரும் தம் போர்க்கலையிலே இதையொத்த நிலையை 'மாபு' என்ற பெயரால் பயில்கின்றனர். கேரளத்துக் களரிப்பயிற்றின் எட்டு வடிவங்களிலே அசுவ வடிவும் ஒன்று. ஆடுபவருக்கும் அடிப்பவருக்கும் முதற்பாடம் உடலைத் தாழ்த்துவதாகவே இருக்கின்றது.

ஆவல் மிகுந்து, கராத்தேயை யப்பான் முழுவதும் பரப்பிய கிச்சின் புனகோஷியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1868 ஆம் ஆண்டில் ஒக்கினாவாத் தீவின் சூரி நகரிலே பிறந்தவர்; சிறுவயதில் நோஞ்சான்; பின்னாளிலே என்னைப் போலப் பள்ளிக்கூட ஆசிரியர். பகலிலே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, நிலவில்லாத இரவுகளிலே மங்கலான விளக்கொன்றைக் கையிலேந்தி, அசாத்தோ என்னும் தம் ஆசானின் வீட்டுக்கு நடந்து போவாராம். அங்கே ஒரே பயிற்சியை நாட்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசான் போதும் என்று சொல்லும் வரையில் அடுத்ததற்குப் போக முடியாது. 'தெக்கி' என்று அவர் பின்னர் பெயரிட்ட மூன்று பயிற்சிகளைக் கற்க மட்டும் அவருக்குப் பத்து ஆண்டுகள் சென்றன. அம்மூன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை குதிரை நிலையிலேயே நின்று, பக்கவாட்டிலே மட்டும் நகர்ந்து செய்யப்படுபவை. சூறாவளி வீசும் வேளையிலே கூரைமேல் ஏறி, தடித்த பாயொன்றைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு இந்த நிலையில் நின்று பார்த்த நிகழ்ச்சியொன்றும் அவருடைய சுயசரிதையிலே உண்டு. 1922 இல் அவர் டோக்கியோவுக்குச் சென்று தம் கலையைக் காட்டியபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். 1957 இல் மறையும் வரை கற்பித்துக்கொண்டேயிருந்தார். பத்து ஆண்டுகள் என்பதைப் படித்தபோது, ஆறு வாரத்துக்குக் கணக்குக் கேட்கப் போன என்னை நினைத்து நாணினேன்.

சித்திரை மாதத்திலே அம்மாவை மறுபரிசோதனைக்காக வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். இயன்மருத்துவப் பிரிவிலே இருந்த பெண்மணி, அம்மாவின் கால்கள் மெலிந்திருப்பதைக் கண்டு, "கதிரையிலை இருத்துறேல்லையோ?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "வாங்கோ, திரும்பக் காட்டிறன்" என்றார்.

"கட்டிலுக்குக் கிட்ட வாங்கோ. காலை அகட்டுங்கோ. முழங்காலை மடியுங்கோ. முதுகு நேரா இருக்கட்டும்."

நான் திடுக்கிட்டேன். சிவப்புச் சீமெந்துத் தரையிலே மூன்று மாதமாக நான் கேட்டுவந்த அதே சொற்கள்! இவற்றைத்தான் மார்கழியிலும் இவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போது என் செவியிலே அவை விழுந்தன; காலிலே இறங்கவில்லை.

ஒரேயொரு வேறுபாடு இருந்தது. ஒரு பாதத்தைச் சிறிது முன்னே வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தூக்கும்போது பாரம் முன்னாலிருந்து இழுக்கும். குதிரை நிலை முன்பின்னாக வலுவற்றது. என் மகனை இரண்டு விரல்கள் தள்ளிய கதை. அம்மாவின் இடுப்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டி ஒன்றைக் கட்டி, அதை இரு கைகளாலும் பற்றி, அவரை என் மார்போடு அணைத்தாற்போல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பாரம் உடலை விட்டு எட்டப் போகப் போக முதுகு இரட்டிப்பாக உழைக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையிலே எத்தனை முறை எழுதியிருக்கின்றேன்! மூன்று எண்ணியதும் இருவருமாக எழ வேண்டும்; முதுகினால் அன்று, கால்களினால். எழுந்த பின் சிறிய அடிகளாகப் பாதத்தை எடுத்து வைத்துக் கதிரைப் பக்கம் திரும்பி, முழங்காலை மடித்து மெல்ல இறக்க வேண்டும். இடுப்பை முறுக்கவே கூடாது.

மறுநாள் வீட்டிலே அம்மாவின் கட்டிலருகே சென்றேன். வழக்கம்போல, "வேண்டாம் ராசா, ரண்டு பேரும் விழுவம்" என்றார். நான் வாதாடவில்லை. கால்களை அகட்டி, ஒரு பாதத்தை முன்னே வைத்து, முழங்காலை மடித்துத் தாழ்ந்து அவருக்கு முன்னால் நின்றேன். என் முகமும் அவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ அறியேன். ஒரு நிமிடத்துக்கு மேலிருக்கும். தொடை சுட்டது, ஆனால் கால் நடுங்கவில்லை. அம்மா என் கால்களைப் பார்த்தார்; பிறகு என் முகத்தைப் பார்த்தார். பின்னர், ஒன்றும் சொல்லாமல் தம் கைகளை எடுத்து என் தோள்களிலே வைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்தோம். திரும்பினோம். கதிரையிலே இருத்தினேன். அம்மா நாலு மாதத்துக்குப் பின்னர் விறாந்தைக்கு வந்து முற்றத்து வேம்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கொப்பர் துலாவிலை நிண்டமாதிரி நிக்கிறாய்."

இக்காலப் பிள்ளைகள் துலா மிதிப்பதைக் கண்டிருக்க மாட்டார்கள். நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன், யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலே ஒருவர் கிணற்று வாயிலே நின்று பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் உயரே துலாமரத்தின்மீது முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நீரோடு மேலே வரும். விடியுமுன் தொடங்கி வெயிலேறும் வரை ஒற்றை மரத்திலே நடக்க வேண்டும். என் தந்தையார் இளமையிலே அப்படி மிதித்தவர். எவரும் அவருக்கு வெள்ளைச் சீருடை கொடுக்கவில்லை. நிலைகளுக்குப் பெயரும் சொல்லித் தரவில்லை. விழாமல் நிற்கும் வித்தையை அவர் உள்ளங்கால் அறிந்திருந்தது. அவருக்கு இயல்பாக வந்ததை, வாகனத்திலே போய்வந்து கதிரையிலே அமர்ந்திருக்கும் நான் விநாடி விநாடியாகக் கற்க வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு முயல விரும்புவோருக்கு ஓரிரு சொற்கள். முதலிலே அதிகம் தாழ வேண்டாம்; முழங்கால் சிறிதளவு மடிந்தாற் போதும். இருபது விநாடி நின்று, ஓய்ந்து, மீண்டும் நில்லுங்கள். முழங்கால் பாத விரல்களின் திசையையே நோக்கியிருக்கட்டும். உள்ளே சரிய விடாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். முழங்கால் நோவு உள்ளவர்களும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். தொடையிலே வரும் சூடு நல்லது. மூட்டிலே வரும் நோவு நிறுத்தச் சொல்லும் கட்டளை.

என் மகன் இப்போது நான்கு நிமிடம் நிற்கின்றான். குத்தும் உதையும் பழகத் தொடங்கிவிட்டான். நிற்பதைப் பற்றி முறையிடுவதில்லை. நான் இன்னும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. அம்மா நான்கு கால்களுள்ள அலுமினியத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, மாலையிலே விறாந்தையில் சிறிது நேரம் எழுந்து நிற்கின்றார். அவர் நிற்கும்போது முழங்காலை மடித்து, கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் நிற்பேன். மகன் மணிக்கூட்டைப் பார்த்து விநாடிகளை உரக்க எண்ணுவான். முந்தாநாள் நாற்பது வரை எண்ணினான், நேற்று நாற்பத்தைந்து.